இருப்பு: நூறு ஜோடி

எனக்கு நாவல் படிக்கும் பழக்கமெல்லாம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என்னைப் பெரிய படிப்பாளி என்று நினைத்துக்கொள்வீர்கள். இந்த வயதுவரை முழுசாகப் படித்த நாவல் ஒன்றே ஒன்று. அதையும் ஏமாந்துபோய்த்தான் படித்தேன். இப்போது வில்லியனூரில் ஒரு ஹார்டுவேர் கடையில், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் நிற்கிறேன். அதற்கு முன்னால் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்தேன். பர்மனென்ட் வேலை. அதை ஏன் விட்டாய் என்று கேட்காத ஆள் எங்கள் ஊரில் பாக்கி இல்லை. 'சும்மாதான்' என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சும்மாவாவது, மண்ணாவது. நடந்ததைச் சொல்கிறேன்.

கம்பெனியில் ஸ்விட்ச் போர்டு வைக்கும் இரும்புப் பெட்டிகள் செய்வார்கள். நான் பேக்கிங்கில் காண்ட்ராக்ட் ஆள். என்னை அங்கே சேர்த்துவிட்டது எங்கள் தெரு அக்கா ஒருத்தி. சொந்தக்காரி இல்லை. ஆனால் அம்மா தவறிப்போன வருடம் எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் மூன்று வேளை சாப்பிட்டோம் என்றால் அது அவள் கொடுத்தனுப்பிய குழம்புதான். அவளுக்கு ஷீட் செக்‌ஷனில் வேலை. வெட்டிய தகடுகளைத் தூக்கி அடுக்க வேண்டும். தகட்டின் ஓரம் பிளேடுதான். கையில் தடித்த கையுறை இல்லாமல் அங்கே நிற்கவே கூடாது.

ஒருநாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். ஸ்டோர் பொறுப்பாளர் வேலைக்குத் தேர்வு, பாடம் இருப்பு மேலாண்மை, தமிழிலும் எழுதலாம். நாங்கள் பேச்சில் ஸ்டாக் என்றுதான் சொல்வோம். இருப்பு என்ற சொல்லை நான் பார்த்திருந்தது கூட்டுறவு சங்கத்து உரக் கிடங்கின் கரும்பலகையில் மட்டும்தான். 'யூரியா இருப்பு இல்லை' என்று வருஷம் முழுக்க எழுதியிருக்கும்.

அடுத்த நாளே கிளை நூலகத்துக்குப் போனேன். நூலகர் அம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இருப்பு பத்தி புக்கு எதுனா இருக்கா?"

"இருப்புன்னா?"

"ஸ்டாக்கு மேடம்."

டீயைக் கீழே வைக்காமலே எழுந்து போய், கணக்குப்பதிவியலுக்கும் டைப்ரைட்டிங் கைடுக்கும் நடுவில் இருந்த ஒன்றை உருவிக் கொடுத்தார். தலைப்பில் இருப்பு என்று பெரிய எழுத்தில் இருந்தது. முழுத் தலைப்பை இங்கே சொல்லப் போவதில்லை. தன் புத்தகம் எந்த அலமாரியில் கிடந்தது என்று தெரிந்தால் எழுதியவர் மனசு கஷ்டப்படும். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, அப்புறம் என்ட்ரி போட்டுக்கொள்கிறேன், எடுத்துப் போ என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து முன்னுரையைப் படித்தேன். யாரோ பேராசிரியர் எழுதியது. இது ஓர் இருத்தலியல் நூல் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார். பொருளியல், கணக்கியல் மாதிரி இருத்தலியலும் ஒரு பாடம், ஸ்டாக்கைப் பற்றிய பாடம் என்று எடுத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். அடுத்த பத்தியிலேயே மனிதன் ஒவ்வொரு கணமும் தேர்வை எதிர்கொள்கிறான் என்றும், தேர்வுக்கு அவனே பொறுப்பு என்றும் வருகிறது. இருப்பு, தேர்வு, பொறுப்பு, மூன்றும் ஒரே பக்கத்தில். நோட்டீஸ் போர்டில் இருந்த அதே மூன்று சொற்கள். சரியான புத்தகம்தான் மாட்டியிருக்கிறது என்று பென்சிலால் அடிக்கோடு போட்டேன்.

உள்ளே போனால் ஒரு லிஃப்ட் ஆபரேட்டர் கதை. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் அரசாங்கக் கட்டடத்தில், நாளெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன் அமுக்குகிறவன். மற்றவர்கள் மாடியைச் சொல்வார்கள், இவன் கொண்டுபோய் விடுவான். ஒருநாள் ஒரு கிழவர் ஏறி, உனக்கு எந்த மாடிக்குப் போகணுமோ அங்கே போ என்கிறார். இவனுக்குக் கை ஓடவில்லை. தனக்கு எங்கே போகணும் என்று தெரியாது என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. அதிலிருந்து பக்கம் பக்கமாக அவன் யோசிக்கிறான். நானும் ஸ்டாக் எப்போது வரும், ஸ்டாக் எப்போது வரும் என்று புரட்டுகிறேன். வந்தால்தானே!

கம்பெனி பஸ்ஸில் அக்கா எனக்கு முன் சீட்டு. திரும்பிப் பார்த்து, "இன்னாடா, கலெக்டருக்கா படிக்கிற?" என்பாள். ஊசுட்டேரி வருவதற்குள் அன்றைக்குப் படித்ததைக் கதையாகச் சொல்ல வேண்டும். முதலில் அவளுக்கு லிஃப்ட்காரன்மேல் மதிப்பே இல்லை. "உக்காந்து பட்டன் அமுக்கறவனுக்கு இன்னாடா கவல? வெயிலா, மழையா? எங்கூட வந்து ரெண்டு நாள் தகடு தூக்கச் சொல்லு, எல்லாம் தெளிஞ்சிடும்" என்பாள். பின்சீட்டு வரைக்கும் சிரிப்பார்கள்.

ஆனால் ஒரு கட்டம் வந்தது. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடுகிறது. உள்ளே மூச்சுத்திணறல் உள்ள ஒரு பெண். கதவைக் கையால் திறக்கும் சாவி இவன் சட்டைப் பையிலேயே இருக்கிறது. மெக்கானிக் வராமல் திறக்கக் கூடாது என்பது விதி. இவன் திறக்கவில்லை. அந்தப் பெண் செத்துப்போகிறாள். விசாரணையில் எனக்கு வேறு வழி இல்லை என்கிறான், எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். அவனுக்கு மட்டும் தெரியும், வழி இருந்தது, தான்தான் அந்தப் பக்கம் போகவில்லை என்று. இதைச் சொன்ன அன்றைக்கு அக்காவுக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"பாக்கெட்டுல சாவி வெச்சிகினு நின்னானா? படுபாவி! வேற வழி இல்லியாமா அவனுக்கு?"

நாவல் முடிந்த விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. அவன் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று விசாரணை அதிகாரியின் அறைக்குப் போகிறான், கதவு முன்னால் நிற்கிறான், முடிந்தது. தட்டினானா, தட்டவில்லையா, ஒன்றும் கிடையாது. முந்நூறு பக்கம் படிக்க வைத்துவிட்டு இதுவா முடிவு என்று வயிற்றெரிச்சலாக இருந்தது. புத்தகத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். ஸ்டாக் பற்றி ஒரு வரி கிடையாது.

தேர்வு நாளில் முதல் கேள்வியே, இருப்பு என்றால் என்ன? படித்த நாவல் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்ததோ என்னவோ, 'பதிவேட்டில் எழுதியிருப்பது இருப்பு அல்ல, அலமாரியில் இருப்பதே இருப்பு' என்று எழுதினேன். சூப்பர்வைசர் அதை எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டி, "பார்ரா, பேக்கிங்ல இருந்துகிட்டு இன்னாமா எழுதிக்கிறான்" என்றார். வேலை கிடைத்தது. பர்மனென்ட். அக்கா தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

நான்கு மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு கையுறை தீர்ந்தது. நான் எழுதிக் கொடுத்தேன், வரவில்லை. மறுபடி எழுதினேன், வரவில்லை. அலமாரியில் கிழிந்த இரண்டு ஜோடியும் எலிப்புழுக்கையும்தான் கிடந்தன. அப்போது ஆடிட் வந்தது. சூப்பர்வைசர் பதிவேட்டை என் முன்னால் வைத்தார்.

"கையுறை இருப்பு நூறு ஜோடின்னு எழுதி ஒரு கையெழுத்து போட்டுடு. அடுத்த வாரம் வந்துரும்பா. வந்தா சரியாப் பூடும்."

"இல்லாதத எப்படி சார்..."

"நீ இப்பதான் பர்மனென்ட் ஆயிருக்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. நான் எழுதினேன். இருப்பு: நூறு ஜோடி. கீழே என் கையெழுத்து. நல்ல நீல மையில், அழகாகத்தான் விழுந்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தாள். கையுறையைத் தூக்கிக் காட்டினாள், உள்ளங்கைப் பக்கம் பிய்ந்து தொங்கியது.

"புச்சு ஒண்ணு குடுடா."

"ஸ்டாக்கு இல்லக்கா. இன்னிக்கு ஒரு நாளு அதயே போட்டுக்க."

"இன்னா ஸ்டோரோ, இன்னா ஆபீசரோ" என்று சிரித்துக்கொண்டே போனாள். பதினொரு மணி வாக்கில் ஷீட் செக்‌ஷனில் சத்தம் கேட்டது. தகடு நழுவியிருக்கிறது, பிடிக்கப் பார்த்திருக்கிறாள். கிழிந்த இடத்தின் வழியாகவே உள்ளே இறங்கியிருக்கிறது. வலது கையில் நரம்பு அறுந்துவிட்டது. தையல் போட்டார்கள், ஆபரேஷன் செய்தார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். மேனேஜர், சூப்பர்வைசர், நான், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா. கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். கையுறை இல்லாமல் அவளை வேலை வாங்கினார்களா, அல்லது கையுறை இருந்தும் வாங்கிப் போடாமல் அவளே அலட்சியமாக இருந்தாளா? முதலாவது என்றால் அந்தக் கையால் முடிகிற வேறு ஒரு வேலையைக் கம்பெனி அவளுக்குத் தர வேண்டும். இரண்டாவது என்றால் வீட்டுக்குப் போக வேண்டும். பதிவேட்டைத் திறந்து வைத்தார்கள்.

"அன்னிக்கு கையுறை இருப்பு இருந்துச்சா?"

அக்கா என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி, அப்புறம் இன்னா ஆச்சு என்று கேட்பாளே, அந்தப் பார்வைதான்.

"இருந்துச்சு சார்" என்றேன்.

அவ்வளவுதான். இரண்டு சொல். மறுவாரம் அவளுக்குக் கடிதம் வந்தது. கவனக்குறைவு என்று எழுதியிருந்தார்களாம்.

அதற்குப் பிறகு நான் ஒரு இடத்தில் உட்கார்ந்ததில்லை. வீட்டில் உட்கார்ந்தால் தெருவில் நிற்கணும்போல இருக்கும், தெருவுக்கு வந்தால் அக்கா வீடு கண்ணில் படும். பஸ்ஸை விட்டுவிட்டு பைக்கில் போக ஆரம்பித்தேன். முன் சீட்டு காலியாக இருப்பதைப் பார்க்க முடியவில்லை. வேலை முடிந்து வரும்போது ஊசுட்டேரிக் கரையில் வண்டியை நிறுத்துவேன், நின்ற மூன்றாவது நிமிடமே கிளப்பிக்கொண்டு போவேன். என்னடா உனக்கு, எறும்பு ஏறின மாதிரி அலைகிறாய் என்று அப்பா கேட்டார். எரிந்து விழுந்தேன். பரணிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். பென்சில் கோடு போட்ட இடத்தை மறுபடி படித்தேன். தேர்வு என்பது பரீட்சை இல்லை, பொறுப்பு என்பது உத்தியோகம் இல்லை என்பது இப்போது நன்றாகவே புரிந்தது. இவ்வளவு லேட்டாகப் புரிய வேண்டிய அவசியம் என்ன? சனியன் பிடித்த புத்தகம், முன்னாலேயே புரிந்து தொலைத்திருக்கக் கூடாதா? திருப்பிக் கொடுக்கலாம் என்று நூலகத்துக்கும் போனேன். அந்த அம்மா கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, "அந்த புக்கு இங்கதான் இருக்குன்னு காட்டுதே" என்றார். என்ட்ரி போடவே இல்லை. புத்தகம் என் கக்கத்தில் இருக்கிறது, கணக்கில் அலமாரியில் இருக்கிறது. கொடுக்காமலே திரும்பிவிட்டேன்.

நான் தாங்கிக்கொள்ள முடியாமல் போனது இதையெல்லாம் இல்லை. பாகூர் பக்கம் ஒரு காதுகுத்து. எங்கள் தெருவே போயிருந்தது. பந்தியில் சாம்பார் வாளியோடு அக்கா வருகிறாள், இடது கையால் கரண்டி பிடித்து. என் பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா சத்தமாகவே ஆரம்பித்துவிட்டாள். "இவனுக்கெல்லாம் எப்படித்தான் சோறு இறங்குதோ. இல்லாதத இருக்குன்னு கையெழுத்து போட்டவன்தான இவன்?" பந்தி மொத்தமும் திரும்பியது. எனக்கு இலையைத் தவிர வேறு எங்கும் பார்க்கத் தெரியவில்லை.

அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"த, சும்மா இரு பெரிம்மா. அவன் இன்னா பண்ணுவான்? அவனுக்கு வேற வழி இல்ல."

சொல்லிவிட்டு என் இலையில் சாம்பார் ஊற்றினாள். கரண்டி ஆடி, பாதி வெளியே சிந்தியது. அவள் திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன், சத்தியமாக. நாலு பேர் முன்னால் அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். லிஃப்ட்காரனுக்கு அவள் தராத அதே வார்த்தையை எனக்குத் தூக்கிக் கொடுக்கிறாள், நான் அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கை கழுவாமலே எழுந்து வெளியே வந்து, செருப்பைத் தேடக்கூட முடியாமல் வெறுங்காலோடு வண்டியை எடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். விபத்துக்குப் பிறகு முதல் தடவை. வாசலில் உட்கார்ந்து இடது கையால் வெங்காயம் அரிய முயன்றுகொண்டிருந்தாள். வெங்காயம் உருண்டு உருண்டு ஓடியது.

"வாடா. வூட்டுக்கு வழி தெரிஞ்சிதா?"

நான் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டிவிட்டேன்.

"அக்கா, வழி இருந்துச்சுக்கா. எனக்கு வேற வழி இல்லன்னு இனிமே யாராண்டயும் சொல்லாத. ஸ்டாக் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான்தான் சொல்லல. வேல போயிடும்னு பயந்துகினு சொல்லல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். எனக்கோ நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. சொல்லிவிட்டோம், முடிந்தது, இனி சாப்பாடு இறங்கும் என்று நினைத்தேன். எவ்வளவு மட்டமான ஆள் பாருங்கள் நான்.

"இத ஏன்டா என்னாண்ட வந்து சொல்ற?" என்றாள். "எனுக்குத் தெரியாதா? ஸ்டாக்கு இல்லக்கான்னு என்னாண்டதான சொன்ன? நான் ஏன் அப்பிடி சொல்லிகினு கீறேன்? நாளைக்கும் இதே தெருவுல உன் மூஞ்சில முழிக்கணுமே, அதுக்குத்தான்."

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தாள். லேபர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறாள், கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். சாட்சி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள்.

"அங்க வந்து சொல்றியா?"

"அக்கா... எனக்கு வேற..."

அதுவரை வந்துவிட்டது. இப்போதுதான் அந்த வார்த்தையை இனி சொல்லாதே என்று அவளிடம் கத்தியவன், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அதே வார்த்தை என் வாயில் வந்து நிற்கிறது. அப்பாவின் மருந்து, வீட்டுக் கடன், பர்மனென்ட் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வரிசையில் நின்றன. வாயை மூடிக்கொண்டேன். அக்கா மீதி வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை என்றதும் அவளே கேட்டாள்.

"அந்த லிப்ட்டுக்காரன் கதைய முடிக்கவே இல்லியே நீ. கடசில அவன் இன்னாதான் பண்ணான்?"

"கதவாண்ட போய் நிக்கிறான்க்கா. அதோட புக்கு முடிஞ்சிடுச்சு."

"நீயும் அங்கியே நிக்காத."

கீழே உட்கார்ந்து, அவள் கையிலிருந்த வெங்காயத்தை வாங்கி அரிய ஆரம்பித்தேன். அந்த ஐந்தாறு மாதத்தில் நான் ஓர் இடத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"எத்தினி மணிக்கு?" என்று கேட்டேன்.

"வியாழக்கெழம, பத்து மணிக்கு. இருப்பியா?"

"இருக்கேன்க்கா" என்றேன்.